சிறுநீரகத்தைத் திடீரெனத் தாக்கும் கொழுப்பு எது?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. இரத்த அழுத்தத்துக்காக டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரையையும், கொலஸ்டிராலுக்காக அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி. மாத்திரையையும் சில ஆண்டுகளாக எடுத்து வருகிறார். சென்ற மாதம் வாந்தி, வயிற்றுப்போக்கில் இரண்டு நாட்கள் படுத்துவிட்டார். உடம்பு வலி தாங்காமல் இரண்டு முறை டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டது. முன்பு 0.9 ஆக இருந்த கிரியாட்டினின் 4.2 ஆகிவிட்டதாகச் சொல்லி இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது 1.4. மொத்தக் கொலஸ்டிரால் 224, டிரைகிளிசரைடு 240. செராமைடு என்ற ஒரு கொழுப்புதான் சிறுநீரகத்தைத் திடீரெனக் கெடுக்கிறது என்று எங்கள் மகன் படித்துவிட்டுச் சொன்னதிலிருந்து வீட்டில் எண்ணெய், நெய், தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கொழுப்பு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டுமா? செராமைடு சோதனை செய்ய வேண்டுமா? கொலஸ்டிரால் குறையும் என்று கேரளத்தில் உள்ள உறவினர் சொன்ன இரும்பன் புளிச் சாற்றைக் கொடுக்கலாமா?

— வாசகி, அரியலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஆறுதலான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் தேவைப்பட்ட நிலையிலிருந்து ஒரு மாதத்துக்குள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.4க்கு இறங்கியிருப்பது, உங்கள் கணவரின் சிறுநீரகங்கள் தம்மைத் தாமே சீர்செய்துகொண்டு வருகின்றன என்பதற்கு நல்ல அடையாளம். இரும்பன் புளிச் சாற்றைக் கொடுக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

உங்கள் மகன் படித்தது பொய்யான செய்தி அன்று. கொழுப்புப் பொருட்களுக்கும் திடீர் சிறுநீரகப் பாதிப்புக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியில் வரும் கொழுப்பும், உங்கள் கணவரின் இரத்தச் சோதனைத் தாளில் 224 என்று அச்சாகியிருக்கும் கொழுப்பும், நீங்கள் அடுப்படியிலிருந்து அகற்றிவிட்ட கொழுப்பும் ஒன்றல்ல. இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிக்கொண்டதால்தான், அவருக்கு உண்மையில் தீங்கு செய்த காரணம் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கிறது. அது அடுத்த முறையும் வரக்கூடிய காரணம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடைதான். ஆனாலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் அங்கே வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக விட்டுவிட்டு மீதி முழுவதும் உடலுக்குள் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அந்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்பவை, பள்ளிப் பாடநூல்களில் அண்மைச் சுருள் நுண்குழல் என்று குறிப்பிடப்படும் பகுதியின் செல்கள். ஓயாமல் உழைக்கும் இந்தச் செல்கள் சர்க்கரையைப் பெரிதாக நம்பியிருப்பதில்லை. தமக்கு வேண்டிய ஆற்றலை, செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் கொழுப்பு அமிலங்களை எரித்தே பெறுகின்றன. ஆக, கொழுப்பு என்பது சிறுநீரகத்தின் அன்றாட எரிபொருள். இரத்த ஓட்டம் குறைந்து ஆக்சிஜன் கிடைக்காமல் போகும் நேரத்தில் அந்த எரிப்பு நின்றுவிடுகிறது. எரிய வேண்டிய கொழுப்பு அமிலங்கள் செல்லுக்குள்ளேயே தேங்குகின்றன. செல் சவ்வுகள் சிதைவதால் மேலும் கொழுப்பு அமிலங்கள் அவற்றோடு வந்து சேர்கின்றன. சிறு சிறு கொழுப்புத் துளிகள் உருவாகின்றன. இந்தக் கொழுப்பு சாப்பாட்டிலிருந்து நேராக வந்து படிந்தது அன்று; அடிபட்ட செல்லின் உள்ளேயே, அடியின் விளைவாகச் சேர்ந்தது.

இதை நுண்ணோக்கியில் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிறுநீரகத் திசுவைச் சோதனைக்கு எடுத்தால், மெழுகில் பதித்துச் சீவுவதற்கு முன்பு அதை ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊற வைப்பது வழக்கம். அந்தத் திரவங்களில் கொழுப்பு கரைந்து ஓடிவிடும். கண்ணாடித் தகட்டில் பார்க்கும்போது, நுண்குழல் செல்களுக்குள் கொழுப்பு இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக வெற்றுக் குமிழிகள் மட்டுமே தெரியும். திசுவை உறைய வைத்துச் சீவி, ஆயில் ரெட் என்ற சாயத்தை ஏற்றினால்தான் அந்தக் குமிழிகள் இருந்த இடங்களில் செந்நிறத் துளிகளைக் காண முடியும். ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படிச் செய்வதில்லை. செய்யத் தேவையும் இல்லை. உங்கள் கணவரைப் போன்றவர்களுக்குச் சிறுநீரின் வண்டலைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். உதிர்ந்து இறந்த நுண்குழல் செல்கள் குழாயின் வடிவிலேயே வார்க்கப்பட்டு, சேற்றின் பழுப்பு நிறத்தில் மணல் மணலாகத் தெரியும். அவருடைய கோப்பில் இந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி செராமைடுக்கு வருகிறேன். இது நம் உடலின் ஒவ்வொரு செல் சவ்விலும் இருக்கும் ஒரு கொழுப்பு வகை. தோல் வறட்சிக்கான களிம்புகளில் சேர்க்கிறார்களே, அந்தக் குடும்பம்தான். இயல்பான அளவில் இது இல்லாமல் செல் வாழாது. அளவு மீறும்போது மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகளைச் சிதைத்து, ஆற்றல் உற்பத்தியையே முடக்குகிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் சம்மர்ஸின் குழு இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. செராமைடு உருவாகும் கடைசிப் படியில் ஒரு நொதி அதன் மூலக்கூறின் முதுகெலும்பு போன்ற சங்கிலியில் ஓர் இரட்டைப் பிணைப்பை ஏற்றுகிறது. அந்த ஒரே ஒரு பிணைப்பைத் தடுத்தால் எலிகளின் ஈரல் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் குறைகின்றன என்று 2019இல் அந்தக் குழு காட்டியது. அதே வழியில் செராமைடைக் குறைத்த எலிகளின் சிறுநீரகங்கள் திடீர்ப் பாதிப்பைத் தாங்கி நிற்கின்றன என்பதையும் அண்மையில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மகன் படித்தது இந்த ஆய்வைப் பற்றியதாகத்தான் இருக்கும். மிக நல்ல ஆய்வு. எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அது எலிகளில் செய்யப்பட்டது. பாதிப்பு வருவதற்கு முன்பே சிகிச்சை கொடுத்துச் செய்யப்பட்டது. அதிலிருந்து நம் வீட்டுச் சமையலுக்கு எந்த முடிவையும் எடுக்க முடியாது.

செராமைடு சோதனையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரத்தத்தில் செராமைடை அளக்கும் சோதனையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அது இதய நோய் வரும் வாய்ப்பைக் கணிப்பதற்கானது. உங்கள் கணவரின் சிகிச்சையை அது எந்த வகையிலும் மாற்றாது. அந்தப் பணத்தில், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

செராமைடு மட்டும் அல்ல, வேறு கொழுப்புகளும் இதில் உண்டு. செல் சவ்வில் உள்ள சில கொழுப்புகள் இரும்பின் துணையோடு ஆக்சிஜனேற்றம் அடைந்து, எண்ணெய் சிக்கு வாடை பிடிப்பதைப் போல் கெட்டுப்போய்ச் செல்லையே கொல்கின்றன. ஃபெரப்டோசிஸ் என்று 2012இல் பெயரிடப்பட்ட இந்த மரண முறையிலிருந்து செல்லைக் காக்கும் நொதியை, 2014இல் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் வளர்ந்த எலிகளிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகள் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தன. உடலில் அத்தனை உறுப்புகள் இருக்க, முதலில் விழுந்தது சிறுநீரகம் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இதற்கு நேர்மாறாக, அடிபட்ட நுண்குழல் செல்களில் சேரும் கொலஸ்டிரால் அடுத்த அடியைத் தாங்கும் வலிமையை அவற்றுக்குத் தருகிறது என்பதைச் சியாட்டலில் ரிச்சர்ட் ஜாகர் 1990களின் இறுதியிலேயே எடுத்துக்காட்டினார். ஆகவே கொழுப்பு என்றாலே சிறுநீரகத்துக்குப் பகை என்று கொள்வது சரியாகாது. எந்தக் கொழுப்பு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று பார்த்தே பேச வேண்டும்.

உங்கள் கணவருக்கு நேர்ந்ததையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கடிதத்தில் நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், அவருக்குத் தீங்கு வந்தது ஒரு கொழுப்பு மிகுந்ததால் அல்ல, தேவையான ஒரு கொழுப்பு உரிய நேரத்தில் இல்லாமல் போனதால் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கொழுப்பின் பெயர் புரோஸ்டாகிளாண்டின். செல் சவ்வில் உள்ள அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து உடல் இதை அவ்வப்போது தயாரித்துக்கொள்கிறது. வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் உடலில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் நுண்தமனியைத் திறந்து வைத்திருப்பது இந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். இரத்தம் வெளியேறும் பக்கத்து நுண்தமனியை ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இறுக்கிப் பிடித்து, வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தத்தைக் காக்கிறது. வறண்ட காலத்தில் ஏரியின் வரத்து மதகைத் திறந்து, போக்கு மதகைச் சற்றே அடைத்து நீர்மட்டத்தைக் காப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக், நிமசுலைடு போன்ற வலி மருந்துகள் எல்லாமே புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. ஆஸ்பிரின் இவ்வாறுதான் வேலை செய்கிறது என்று 1971இல் கண்டறிந்த ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உங்கள் கணவர் போட்டுக்கொண்ட ஊசி அவருடைய மூட்டிலும் தசையிலும் மட்டுமல்லாமல் சிறுநீரகத்திலும் அந்தக் கொழுப்பை நிறுத்திவிட்டது. வரத்து மதகு சுருங்கியது. டெல்மிசார்ட்டான் ஆஞ்சியோடென்சினின் பிடியைத் தளர்த்தும் மருந்து என்பதால் போக்கு மதகும் இறுக முடியவில்லை. ஹைட்ரோகுளோரோதயசைடு நீரைப் போக்கும் மாத்திரை. ஏற்கெனவே வற்றிய உடலை அது மேலும் வற்றச் செய்தது. இந்த மூன்று மருந்துகளும், வயிற்றுப்போக்கும் ஒரே இரண்டு நாட்களில் ஒன்றுகூடியதுதான் அவருக்கு நேர்ந்த விபத்து. தனித்தனியாக இவற்றில் எதுவும் அவருக்குக் கெடுதலான மருந்து அன்று. டெல்மிசார்ட்டான் நீண்ட காலத்தில் பல நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துமாகும். காய்ச்சல், உடம்பு வலி என்று போனவுடன் ஊசி கேட்டு வாங்கும் வழக்கமும், என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று கேட்காமலே ஊசி போடும் வழக்கமும் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டன. ஒரு சிறுநீரக மருத்துவராக இந்த நிலை என்னை மிகவும் வருத்துகிறது. இவ்வகைப் பாதிப்பில் தவிர்க்க முடிந்தவை ஏராளம்.

இரத்தத்தில் உள்ள கொலஸ்டிராலோ டிரைகிளிசரைடோ திடீர்ப் பாதிப்பை நேரடியாக உண்டாக்கும் சூழல்கள் சில உண்டு. அவை உங்கள் கணவருக்குப் பொருந்தாதவை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆஞ்சியோகிராம் போன்ற சிகிச்சைகளின்போது பெருந்தமனிச் சுவரில் படிந்திருக்கும் கொலஸ்டிரால் படிகங்கள் உதிர்ந்து சிறுநீரக நுண்தமனிகளை அடைப்பது ஒன்று. நாடித்துடிப்பு நன்றாக இருக்கும்போதே கால்விரல்கள் நீலம் பாய்ந்து, அடுத்த சில வாரங்களில் கிரியாட்டினின் படிப்படியாக ஏறுவது அதன் அடையாளம். டிரைகிளிசரைடு 1,000ஐத் தாண்டும்போது கணைய அழற்சி வந்து, அதன் தொடர்ச்சியாகச் சிறுநீரகம் செயலிழப்பது மற்றொன்று. 240 என்ற அளவு அந்த ஆபத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது. மேலும் அது நோயிலிருந்து மீண்டுவரும் நேரத்தில் எடுத்த அளவு. இரண்டு மாதம் கழித்து வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கலாம்.

அட்டோர்வாஸ்டாடின் அளவைச் சிறுநீரகத்துக்காகக் கூட்ட வேண்டியதில்லை, நிறுத்தவும் வேண்டியதில்லை. ஸ்டாடின் மாத்திரைகள் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பைத் தடுக்குமா என்பது ஊகமாக விடப்படாமல் நேராகவே சோதிக்கப்பட்ட கேள்வி. இதய அறுவை சிகிச்சைக்குச் செல்லும் 1,922 நோயாளிகளிடம் சீனாவில் ரோசுவாஸ்டாடினைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பு குறையவில்லை. சற்றுக் கூடுதலாகவே இருந்தது. இரத்தக் கொலஸ்டிராலைக் குறைப்பதால் நுண்குழல் செல்லுக்குள் நடக்கும் கொழுப்புச் சிக்கல் தீராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஸ்டாடின் அவருடைய இதயத்துக்கும் மூளைக்குமான மருந்து. அந்த நோக்கத்துக்காக அதே அளவில் தொடரட்டும். ஆனால் ஒரு கவனம் தேவை. தொண்டை வலி, சளிக்காகக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதப்பட்டால், அட்டோர்வாஸ்டாடின் எடுப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஸ்டாடின் இரத்தத்தில் பெருகித் தசைகள் சிதையலாம். சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். தொடையிலும் தோளிலும் கடும் வலியோடு சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரும்பன் புளியைப் பற்றி. இந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். கொலஸ்டிரால் குறையும் என்று நம்பி இதன் சாற்றைக் குடித்துத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளான 10 நோயாளிகளைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தார்கள். அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. ஆக்சலேட் படிகங்கள் நுண்குழல்களில் போய்ப் படிந்து அடைப்பதே காரணம். மீன் குழம்பில் ஓரிரு காய்களைப் போடுவது வேறு, கிலோக் கணக்கில் பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பது வேறு. அண்மையில் அடிபட்டு எழுந்துவரும் சிறுநீரகத்துக்கு இந்தச் சாறு ஒரு டம்ளர்கூட வேண்டாம். உறவினர் அன்பினால் சொன்னதுதான். அவரே தொடர்ந்து குடித்துக்கொண்டிருந்தால் அவரையும் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சமையலறைக்கு வருகிறேன். எண்ணெயை முழுவதும் நிறுத்த வேண்டாம். நோயில் உடல் இளைத்தவருக்குப் போதிய கலோரி வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். அதே சமயம், உணவுக்கும் செராமைடுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. செராமைடு உருவாகத் தேவையான மூலப்பொருட்களில் ஒன்று பால்மிடிக் அமிலம். நியாய விலைக் கடையில் வாங்கும் பாமாயிலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதுதான்; தேவைக்கு மிஞ்சிச் சாப்பிடும் சோற்றிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும்கூட உடல் அதைத் தயாரித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் எடை கூடி, சர்க்கரை நோய் வரும் உடல்களில் செராமைடு மிகுவது தெரிந்த செய்தி. ஆகவே நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றை மாற்றி மாற்றி, ஆளுக்கு மாதம் அரை லிட்டரை ஒட்டிப் பயன்படுத்துங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். சட்னிக்குத் தேங்காய் அரைப்பதையும் நெய் ஒரு தேக்கரண்டி விடுவதையும் நீங்கள் தயக்கமின்றித் தொடரலாம். இளநீர் மட்டும் பொட்டாசியச் சோதனை பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகு போதும். டெல்மிசார்ட்டானும் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து.

இனி நடைமுறையில் செய்ய வேண்டியவை. அடுத்த முறை வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கிய முதல் நாளே ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தொடங்குங்கள். டெல்மிசார்ட்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா, எப்போது மீண்டும் தொடங்க வேண்டும் என்று அன்றைக்கே உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்; பெரும்பாலும் ஓரிரு நாட்கள் நிறுத்தச் சொல்வார். வலிக்குப் பாரசிட்டமால் 500 மி.கி. மாத்திரை போதும், நாளுக்கு ஆறு மாத்திரைகளைத் தாண்டக் கூடாது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், ஊசி போடுவதற்கு முன்பு, சிறுநீரகம் ஒரு முறை பாதிக்கப்பட்டது என்ற செய்தியையும் மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைக்கும் இது பொருந்தும். ஒரு நாள் முழுவதும் சிறுநீர் அரை லிட்டருக்கும் குறைவாகப் போனால் காத்திருக்க வேண்டாம். உலகளாவிய சிறுநீரக வழிகாட்டியின்படி 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் 0.3 கூடினாலே அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு; 4.2 வரை ஏறும் முன்பே பிடித்துவிடலாம்.

பாதிப்பு வந்த நாளிலிருந்து மூன்று மாதம் நிறையும்போது கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, அந்த முடிவுகளோடு ஒரு சிறுநீரக மருத்துவரைச் சந்தியுங்கள். 1.4 அதற்குள் மேலும் இறங்கக்கூடும். இறங்காவிட்டால் இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை அவர் அதற்கேற்ப மாற்றி அமைப்பார். மருத்துவமனையிலிருந்து வந்த சுருக்க அறிக்கையில் டைக்ளோஃபெனாக் ஊசியைப் பற்றிய குறிப்பு இல்லையென்றால், எந்த நாளில் எத்தனை ஊசி போடப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி அந்தக் கோப்பில் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.